சைனஸ் ஆபரேஷன்: யாருக்குத் தேவை, எது வரை உதவும்?

"சைனஸுக்கு ஆபரேஷன் பண்ணாலும் திரும்ப வந்துடும்." மூக்கடைப்போடு வருஷக்கணக்கில் அல்லாடுபவர்கள் இந்த வார்த்தையைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். இதை நம்பி மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்திலேயே காலத்தை ஓட்டுபவர்கள் உண்டு. தலைவலி என்றாலே சைனஸ்தான் என்று முடிவுகட்டி, ஆபரேஷனுக்குத் தயாராகிவிடுபவர்களும் உண்டு. இருவருக்குமே நஷ்டம்தான்.

சைனஸ் என்பது நோயா?

இல்லை. கன்னம், நெற்றி, இரு கண்களுக்கு நடுவே, மூக்கின் பின்புற ஆழம் என முக எலும்புகளுக்குள் எல்லோருக்கும் இருக்கும் காற்றறைகள்தான் சைனஸ். மொத்தம் நான்கு ஜோடி. இவற்றில் சுரக்கும் சளியை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள் சிறு வாசல் வழியாக மூக்குக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அலர்ஜி, கிருமித்தொற்று, மூக்குச்சதை வளர்ச்சி போன்றவற்றால் அந்த வாசல் அடைபட்டால் சளி உள்ளேயே தேங்கும். அங்கிருந்துதான் தொல்லை ஆரம்பம்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

அந்தக் காலத்தில் மேலுதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே ஈறில் கீறி, கன்ன எலும்பைத் துளைத்து சைனஸைச் சுத்தம் செய்வார்கள். சளி வெளியேறப் புதிதாக ஒரு ஓட்டையும் போடுவார்கள். ஆனால் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆய்வு செய்த டாக்டர் வால்டர் மெசர்கிளிங்கர் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்தார். வேறு இடத்தில் ஓட்டை போட்டாலும், சளி அதன் இயற்கையான வாசலை நோக்கியேதான் போகிறது. அப்படியானால் திறக்க வேண்டியது அந்த வாசலைத்தான். இந்த அடிப்படையில் வளர்ந்த முறைக்கு 1985-ல் அமெரிக்க டாக்டர் டேவிட் கென்னடி வைத்த பெயரின் சுருக்கம்தான் இன்று எல்லோரும் சொல்லும் 'ஃபெஸ்'.

இதில் முகத்தில் வெட்டு, தையல் எதுவும் கிடையாது. மூக்குத் துவாரம் வழியே எண்டோஸ்கோப் குழாயை விட்டு, திரையில் பார்த்தபடியே அடைப்பை நீக்குவார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். சிறிய பலூனை வைத்து வாசலை விரிக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் மூக்குச்சதை நிறைய வளர்ந்தவர்களுக்கு அது மட்டும் போதாது.

யாருக்குத் தேவை?

சாதாரண ஜலதோஷத்துக்குத் தேவையே இல்லை. அடைப்பு, கெட்டியான சளி, முகத்தில் அழுத்தம், வாசனை தெரியாமை போன்ற தொல்லைகள் 12 வாரங்களைத் தாண்டினால்தான் அது நாள்பட்ட சைனஸ் அழற்சி. அப்போதும் முதலில் உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும்தான். அதிலும் சரியாகாமல், எண்டோஸ்கோப்பிலும் சி.டி. ஸ்கேனிலும் அடைப்பு உறுதியானால்தான் ஆபரேஷன் பேச்சே வர வேண்டும். 'சைனஸ் தலைவலி' என்று பலர் சொல்வது உண்மையில் மைக்ரேன். அதற்கு மூக்கில் ஆபரேஷன் செய்து பயனில்லை.

உடனடி நிவாரணம் தரும் அடைப்பு நீக்கிச் சொட்டு மருந்தை சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், அதுவே அடைப்பை அதிகமாக்கும். கண் வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கடும் காய்ச்சலுடன் கழுத்து இறுக்கம் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஆபத்து உண்டா?

சைனஸுக்குப் பக்கத்திலேயே கண்ணும் மூளையும் இருப்பதால் பார்வைப் பாதிப்பு, மூளை நீர்க்கசிவு போன்ற சிக்கல்கள் அரிதாக நேரலாம். ரத்தக்கசிவும் உண்டு. எனவே ஸ்கேனை வைத்துக்கொண்டு டாக்டரிடம் விளக்கம் கேட்பது நோயாளியின் உரிமை.

திரும்ப வருமா?

வரலாம். ஆபரேஷன் வழியைத் திறக்கிறதே தவிர, அலர்ஜியைக் குணப்படுத்துவதில்லை. ஸ்பிரேயும் மூக்குக் கழுவலும் தொடர வேண்டும். கழுவ, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். முதல் சில வாரங்களில் டாக்டரிடம் போய், உள்ளே படியும் பொருக்குகளை நீக்கிக்கொள்ள வேண்டும். இதைத் தவறவிட்டால் திறந்த வாசல் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

சிக்கலே இங்கேதான். விழுப்புரம் மாவட்டத்தின் பனமலை போன்ற கிராமத்திலிருந்து ஒருவர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ ஒருமுறை வந்து ஆபரேஷன் செய்துகொள்ளலாம். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. தன் சிகிச்சை அதில் வருகிறதா என்று முன்கூட்டியே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் 'நல்லாத்தானே இருக்கு' என்ற நிலையில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபரிசோதனைக்கு மூன்று, நான்கு முறை பஸ் ஏறுவது எத்தனை பேருக்கு முடியும்?

செஞ்சி, திண்டிவனம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலேயே ஆபரேஷனுக்குப் பிந்தைய எண்டோஸ்கோப் பரிசோதனைக்கு நாள் ஒதுக்கி, டிஸ்சார்ஜ் சீட்டிலேயே தேதியைக் குறித்துக் கொடுத்தால் இந்த அலைச்சல் குறையும். அரைகுறையாக நிற்கும் சிகிச்சைதான் 'திரும்ப வந்துடும்' என்ற பேச்சுக்குத் தீனி போடுகிறது. ஆபரேஷன் அரங்கோடு சிகிச்சை முடிவதில்லை என்பதை நோயாளி மட்டுமல்ல, சுகாதாரத் துறையும் மனதில் வைக்க வேண்டும்.