கடைப் பேச்சும் ஒற்றைப் பாலமும்

பழைய கல்லடிப் பாலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகலாம். நடுவில் ஒரு லொறி பழுதாகி நின்றால் பட்டணத்துச் சரக்கு அக்கரையிலேயே கிடக்கும். 2013 இல் புதிய பாலம் திறந்ததோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் நமது வியாபாரப் பேச்சு இன்னும் ஒற்றைப் பாலத்தில்தான் போகிறது. அதன் பெயர் வட்ஸ்அப்.

2018 மார்ச்சில் திகனக் கலவரத்தின்போது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒரு வாரம் நிறுத்தி வைத்தது. புறக்கோட்டை விலைப்பட்டியலை வட்ஸ்அப்பில் எடுத்தே பழகியவன் நான். அந்த வாரம் போனில் கேட்டு எழுதியதில் ஓர் இலக்கம் பிசகி, ஒரு சாமானை வாங்கிய விலைக்கும் குறைத்து விற்றுவிட்டேன். 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் மறுபடி தடை. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி யாரும் தடுக்காமலே, கம்பனியின் சொந்தக் கோளாறால் உலகம் முழுக்க சுமார் ஆறு மணிநேரம் நின்றது.

இதற்கு மாற்றாக 'மெட்ரிக்ஸ்' என்றொரு முறை 2014 முதல் இருக்கிறது. மின்னஞ்சல் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே முதலாளி இல்லை. விரும்பியவர் தன் கணினியிலேயே சேர்வர் வைக்கலாம். உங்கள் சேர்வரில் இருப்பவர் என் சேர்வரில் இருப்பவருடன் பேசலாம். போனில் 'எலிமென்ட்' என்ற செயலியைப் போட்டால் போதும். செய்தி பூட்டப்பட்டே போகும். சேர்வர் வைத்திருப்பவராலும் வாசிக்க முடியாது. யார் யாரோடு எப்போது பேசினார் என்பது அவருக்குத் தெரியும். பிரெஞ்சு அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு இதே முறையில் சொந்தச் செயலி வைத்திருக்கிறது.

சாதாரண தரம் வரை படித்த எனக்கு இதையெல்லாம் விளக்கியவர் மருமகன். அவர் சொல்லாமல் விட்டதை நான் தேடி அறிந்தேன்: சேர்வர் வைப்பது லேசு, பராமரிப்பதுதான் பாடு. 2025 ஆகஸ்ட்டில் மெட்ரிக்ஸின் அடிப்படை விதியிலேயே பாதுகாப்புக் குறை கண்டு, உலகெங்கும் சேர்வர் வைத்திருப்போர் புதிய பதிப்புக்கு மாறவேண்டி வந்தது. பழைய உரையாடல் அறைகளையும் 12 ஆம் பதிப்புக்கு உயர்த்தச் சொன்னார்கள். இதைக் கவனிக்காதவர் கூரை ஓடு உடைந்திருப்பது தெரியாமல் மாரிக்குக் காத்திருப்பவர் மாதிரி. அடுத்த மாதமே அந்த அமைப்பின் பொதுச் சேர்வர் டிஸ்க் கோளாறால் நின்றுபோனது. தனியாகச் சேர்வர் வைத்திருந்தவர்கள் தங்கள் பாட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அரசாங்கத் தடைக்கு இது மந்திரமல்ல. இந்தியா 2023 இல் தடுத்த 14 செயலிகளில் எலிமென்ட்டும் ஒன்று. வாடிக்கையாளரும் வட்ஸ்அப்பை விட்டு வரமாட்டார். அவரை இழுக்கவும் வேண்டாம். நான் சொல்வது கடைக்குள்ளே நடக்கும் பேச்சை: கொள்விலை, கடன் கணக்கு, யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் அமானிதம். இன்று அந்தக் குழு ஒரு சேல்ஸ்மன் பையனின் போனிலிருந்து தொடங்கியதாயிருக்கும். அவன் வேலையை விட்டுப் போனால் குழுவின் நிர்வாகமும் அவனோடு போகும்.

தனிக் கடைக்கு இந்தச் செலவும் சிரமமும் கட்டுப்படியாகாது. நாலு கடை சேர்ந்தால் கட்டும். வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பக்கத்துக் கடைக்காரர் மூவரோடு பேசவிருக்கிறேன். கணினி வாங்கும் காசைப் பற்றி அல்ல, மாதாமாதம் அப்டேட் பார்க்கப்போகிறவர் யார் என்பதைத்தான் முதலில் கேட்பேன்.