பிரேக் காலிப்பருக்கு வீட்டிலேயே சிவப்பு பெயின்ட் அடிக்கலாமா? அழகு, ஆபத்து, சட்டம்: முழு விவரம்

அலாய் வீல் இடுக்கில் இருந்து சிவப்பாக எட்டிப் பார்க்கும் ஒரு சின்னத் துண்டு. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் பலரின் கண் முதலில் போவது அங்கேதான். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார் மோகத்துக்கு இதெல்லாம் பெட்ரோல் ஊற்றியது போல ஆனது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முடியாதவர்களும் அதன் தோற்றத்தையாவது கொண்டு வந்துவிடலாம் என்று கையில் எடுப்பது இந்த காலிப்பர் பெயின்ட்டைத்தான். ‘ஒரு ஸ்ப்ரே டப்பா, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிஞ்சுது’ என்கிறார்கள் ரீல்ஸில்.

நிஜத்தில் வேலை அவ்வளவு சுலபமில்லை. காரணம், கை வைப்பது பிரேக்கில்.

காலிப்பர் என்றால் என்ன?

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்பு வட்டு டிஸ்க். அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் ‘கிடுக்கி’தான் காலிப்பர். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயில் உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். பேடு டிஸ்க்கை அழுத்தும். ஓடும் காரின் வேகம் அத்தனையும் அங்கே சூடாக மாறுகிறது. மலையில் இருந்து தொடர்ந்து பிரேக் பிடித்தபடி இறங்கினால் டிஸ்க் சில நூறு டிகிரி செல்சியஸ் வரை போகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியவர்களுக்கு அந்தக் கருகல் வாசனை தெரிந்திருக்கும். காலிப்பர் அவ்வளவு சூடாகாது என்றாலும், வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட் தாங்குகிற சூட்டை எளிதில் தாண்டிவிடும். பழுப்பேறி, கொப்புளம் கட்டி, உரிந்து வரும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். நிறம் மாறினால் பிரேக் கூடுதலாகப் பிடிக்காது. போர்ஷே நிறுவனத்தில் காலிப்பர் நிறத்துக்கு அர்த்தம் உண்டு: மஞ்சள் என்றால் செராமிக் பிரேக், பளிச்சென்ற பச்சை என்றால் ஹைபிரிட் வகை. உள்ளே இருக்கும் பொருள் வேறு என்பதைக் காட்டத்தான் அந்த வண்ணம். நம் காரில் மஞ்சள் அடித்தால் கிடைப்பது மஞ்சள் நிற சாதாரண பிரேக்.

காரைக்குடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. காலிப்பருக்கு பெயின்ட் அடிப்பதில் அழகைத் தாண்டிய ஒரு நியாயமான காரணம் துரு. பெரும்பாலான கார்களில் காலிப்பர் வார்ப்பிரும்பு. விலை கூடிய ஸ்போர்ட்ஸ் கார்களில் அலுமினியம். துரு எப்படிப் பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்பதை ஆராய்வதற்கென்றே நாட்டில் பெயர் பெற்ற இடம் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊர்க்காரர்கள் சொல்லும் ‘செக்ரி’. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். தீப்பெட்டி அளவு பேட்டரி முதல் கடல் பாலம் வரை எல்லாம் அவர்கள் பாடம்தான்.

அந்தப் பாடத்தின் சுருக்கம் இது: இரும்பு, ஈரம், காற்றில் உள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் ஒரு குட்டி பேட்டரி போல வேலை நடக்கிறது. அதில் கரைவது இரும்பு. உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு கூடும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. உப்புக் காற்றோடு பழைய பாலம் நூறாண்டுக்கு மேல் போராடிய கதை இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதில்லை. தொண்டி, ராமேஸ்வரம் என்று அடிக்கடி கடற்கரை ஓட்டம் ஓடும் காரின் அடிப்பகுதிக்கும் அதே காற்றுதான்.

பெயின்ட் இங்கே ஒரு தடுப்புச் சுவர். ஆனால் துருவுக்கு மேலேயே பெயின்ட் அடித்தால் உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும், துரு அடியில் ஊர்ந்துகொண்டே போகும். வெளியே சிவப்பு, உள்ளே பொத்தல். ஆகவே பாதி நேரத்துக்கு மேல் போக வேண்டியது சுரண்டுவதில்தான். ஸ்ப்ரே அடிப்பதை மட்டும் வீடியோவில் காட்டுகிறவர்கள் இதை இரண்டு நொடியில் ஓட்டிவிடுகிறார்கள்.

வீட்டில் செய்வதென்றால் எங்கே தவறு நடக்கிறது?

முதல் ஆபத்து பெயின்ட்டில் இல்லை, ஜாக்கியில். டிக்கியில் வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி காருக்கு அடியிலோ சக்கரம் இல்லாத பக்கத்திலோ மணிக்கணக்கில் உட்காரக் கூடாது. சமதளம், எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு அணை, ஆக்சில் ஸ்டாண்டில் முட்டு. இது மூன்றும் இல்லை என்றால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, பெயின்ட் படக் கூடாத இடங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை, காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் பின்கள், ஆயிலில் காற்று எடுக்கும் நிப்பிள், பேடு உட்காரும் தடம், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார், டிஸ்க்கின் முகம். எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். பின்களில் பெயின்ட் காய்ந்தால் காலிப்பர் நகராமல் இறுகும். ஒரு பக்கம் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடும், கார் ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க்கிலோ பேடிலோ பட்டால் பிரேக் பிடிக்கும் தூரமே மாறிவிடும். நிறத்துக்காகச் செய்த வேலை நிறுத்தத்தைக் கெடுத்த கதையாகும்.

காலிப்பரைக் கழற்றாமல், இருந்த இடத்திலேயே அடிப்பது வீட்டு வேலைக்குப் போதும். போல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் காலிப்பரை ஹோஸில் தொங்க விடக் கூடாது. கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டிவிட வேண்டும். ஹோஸையே கழற்றினால் ஆயில் ஒழுகும், காற்று நுழையும். அதற்குப் பிறகு அது மெக்கானிக் வேலை.

கம்பி பிரஷ், உப்புத்தாள், பிறகு பிரேக் கிளீனர் என்பது வரிசை. பிரேக் தூசியை வாயால் ஊதவோ, ஏர் அடித்துப் பறக்கவிடவோ கூடாது. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, முகக்கவசம் கட்டாயம். பிரேக் ஆயில் பெயின்ட்டைக் கரைத்துவிடும் என்பதால் ஒரு சொட்டுக்கூட மிச்சமிருக்கக் கூடாது. பிஸ்டன் பக்கம் ஆயில் கசிவு தெரிந்தால், பெயின்ட் டப்பாவை மூடி வைத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போவதே சரி.

பெயின்ட், ‘காலிப்பர் பெயின்ட்’ என்றோ அதிக வெப்பம் தாங்கும் என்றோ டப்பாவில் போட்டதாக இருக்க வேண்டும். தடிமனாக ஒரே அடியாக இல்லாமல், மெல்லிசாக இரண்டு மூன்று கோட்டிங். நடுவில் டப்பாவில் சொன்ன இடைவெளி. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அடித்தால் ஒட்டாது. சித்திரை உச்சிவெயிலில் அடித்தால் ஸ்ப்ரே காற்றிலேயே காய்ந்து சொரசொரவென்று விழும். காலை நேரம், நிழல், காற்றோட்டம். இன்னொன்று, முகப்பிலோ வளவிலோ வைத்து அடிக்க வேண்டாம். ஆத்தங்குடிக் கல் கறையை உறிஞ்சிக்கொள்ளும். தின்னர் கொட்டினால் ஆச்சியிடம் பதில் சொல்வது ஆர்டிஓவிடம் சொல்வதைவிடக் கஷ்டம்.

பிளாஸ்டிக் கவர் ஒட்டினால்?

பெயின்ட் வேலையே வேண்டாம் என்று, பந்தயக் கார் பிரேக் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட சிவப்பு மூடிகளை ஆன்லைனில் வாங்கி மாட்டுகிறார்கள். இது பெயின்ட்டைவிட மோசம். மெல்லிய பெயின்ட் பூச்சு சூட்டை அடைத்து வைக்காது, மூடி அடைக்கும். ஓட்டத்தில் கழன்றால் சக்கரத்துக்குள் சிக்கவும் செய்யும். சின்னக் கார்கள் பலவற்றில் பின் சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக், அங்கே காலிப்பரே கிடையாது. அதற்கும் மூடி மாட்டி ஓட்டுகிறவர்களை என்ன சொல்ல?

போலீஸ் பிடிக்குமா? சட்டம் சொல்வது என்ன?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இங்கே முக்கியம். ஆர்சி-யில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில், நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு 2019 ஜனவரியில் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூடியூபர்கள் இருவரின் மாற்றியமைத்த வேன் பறிமுதல் செய்யப்பட்டு, விவகாரம் கைது வரை போனது நினைவிருக்கலாம்.

ஆனால் பயப்பட வேண்டாம். ஆர்சி-யில் இருப்பது பாடியின் நிறம். காலிப்பர் நிறத்துக்கு அதில் இடமே இல்லை. கம்பெனி கொடுத்த அதே காலிப்பருக்கு வண்ணம் பூசுவது இந்தப் பிரிவுக்குள் வராது. பெரிய காலிப்பர், பெரிய டிஸ்க் என்று பிரேக்கையே மாற்றுவது வேறு கதை. அங்கே பாதுகாப்புச் சோதனையில் தேறிய அமைப்பையே கலைக்கிறீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கப்போகும் கேள்வியும் அதுதான்.

பழைய கார் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். ‘ஸ்போர்ட்ஸ் லுக்’ என்று விலை கூட்டிச் சொல்லும் காரில் காலிப்பர் மட்டும் புதுப் பளபளப்பில் இருந்தால், அடியில் துருவோ கசிவோ மறைக்கப்பட்டிருக்கலாம். சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்வதில் தப்பில்லை.

வேலை முடிந்ததும் பெயின்ட் முழுதாகக் காய ஒரு நாளாவது விட வேண்டும். ஒட்டிய டேப் எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. வீல் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். காரை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். பேடு பின்னால் தள்ளப்பட்டிருந்தால் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும், அது நடுரோட்டில் நடக்கக் கூடாது. பிறகு ஆள் இல்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் பானாவை எடுத்து நட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.