நெய்வேலி சொல்லும் பாடம்

"சமதர்மமா? ருஷியாவிலேயே அதற்குக் கருமாதி நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, ஸார்!" என்றார், கடலூரில் நம்முடன் ரயிலேறிய நண்பர். சிதம்பரம் சேரும் வரையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

நாம் ருஷியாவுக்குப் போகவில்லை. பக்கத்திலுள்ள நெய்வேலிக்குத்தான் போனோம். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்மப் பாணியில் சமுதாயம் அமைப்பதே லட்சியம் என்று தீர்மானித்தது. மறு வருஷமே நெய்வேலி நிலக்கரிக் கழகம் பிறந்தது. 1957 மே மாதத்தில் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது ராஜ்யத்தின் முதல் மந்திரி காமராஜ். பூமிக்கடியிலுள்ள செல்வம் தனி மனிதனுக்கல்ல, பிரஜைகள் எல்லோருக்கும் சொந்தம் என்பதே அதன் தத்துவம்.

2013-இல் மத்திய சர்க்கார் தன் பங்குகளில் ஒரு பகுதியை விற்க முற்பட்டது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத கட்சிகளெல்லாம் ஒரே குரலில் எதிர்த்தன. முடிவில் நூற்றுக்கு 3.56 பங்கைத் தமிழ்நாடு சர்க்காரின் நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. செத்துப்போன கொள்கைக்கு இத்தனை பேர் வரிந்து கட்டுவார்களா?

ஆனால், கதை அத்துடன் முடியவில்லை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், பச்சைப் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. "நிலம் முன்னமே கையகப்படுத்தியது, வாய்க்கால் வெட்டாவிட்டால் சுரங்கம் நின்றுவிடும்" என்றது கழகம். அதிலும் நியாயம் இருக்கலாம். ஆயினும், நிலம் கொடுத்தவன் வீட்டுக்கு வேலை கேட்டு அலைகிறான். நிரந்தரத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி, நிரந்தரம் கேட்டுக் காத்திருக்கிறான். சொத்து சர்க்காருடையதாகிவிட்டால் மட்டும் சமதர்மம் வந்துவிடாது என்பதை நெய்வேலியைவிடத் தெளிவாகச் சொல்லும் ஊர் வேறில்லை.

இதைக் கேட்டதும் நண்பருக்கு ரோஷம் பொங்கிவிட்டது. "அறுவடை வரைக்கும் பொறுக்கக் கூடாதா? நம் வீட்டில் விளக்கெரிய நிலம் கொடுத்தவன் வீடு இருளடைவதா? அவனுக்கல்லவா முதல் பங்கு சேர வேண்டும்!" என்று இரைந்தார்.

ரயில் சிதம்பரத்தில் நின்றது.

"அதைத்தான் ஐயா, பெரியவர்கள் சமதர்மம் என்று சொன்னார்கள்!" என்று கூறி விடைபெற்றோம்.