காசு கொடுத்து வாங்கிய தேய்மானம்

கொஞ்சம் நீண்ட பதிவு. எலெக்ட்ரிக் கிதார் பற்றியது. பிடிக்காதவர்கள் தள்ளிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் 1998 செட் மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். புதிதாக வாங்கிய கிதார். பெயிண்ட் உரிந்து, உள்ளே மரம் தெரிந்து, ஓரமெல்லாம் அடிபட்டு, ஐம்பது வருடம் மேடையில் புரண்டது போல இருந்தது. "சார், எப்படி இருக்கு?" என்று கேட்டான். "அருமைப்பா, எந்த வருசத்துது?" என்றேன். "இந்த வருசம்தான் சார். கம்பெனியிலேயே இப்படிப் பழசாக்கித் தர்றாங்க. இதுக்குப் பேரு ரெலிக்." விலையைக் கேட்டேன். நம் காசுக்கு நாலு லட்சம். ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மனசுக்குள் ஒரு நெருடல். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்க சார், பேரை மட்டும் போட்டுறாதீங்க" என்றான்.

எனக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று பலருக்குத் தெரியாது. இயற்பியல் வாத்தியாருக்கும் கிதாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1978-இல் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். லைட் மியூசிக் கச்சேரி. பாட்டு ஆரம்பிக்கும் முன் செட்டுக்காரர் மைக் டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தார். அப்போது மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் கிதாரில் ஒரே ஒரு கம்பியை விரலால் மேலே தள்ளினார். அந்த ஸ்வரம் அழுதுகொண்டே மேலே ஏறி, அங்கேயே நின்று நடுங்கியது. நாதஸ்வரமும் இல்லை, மனிதக் குரலும் இல்லை. நான் கையில் வைத்திருந்த பொரி கீழே கொட்டியது கூடத் தெரியவில்லை.

அவர் சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் மெஷின்மேன். நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். ஆவணி தொடங்கி மார்கழி வரை காலண்டர் சீசன், ராத்திரி பகலாக ஓடும். அப்போது அவர் கிதாரைத் தொடவே முடியாது. பங்குனி, சித்திரையில்தான் கச்சேரி. மண்ணெண்ணெய் போட்டுக் கையைக் கழுவிவிட்டு நேரே மேடைக்கு வருவார். நகத்துக்குள் இங்க் இருந்துகொண்டே இருக்கும்.

அவருடைய கிதார் கல்கத்தாவில் செய்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கிதாரை இறக்குமதி செய்வதெல்லாம் நம்மைப் போன்றவர்கள் கனவிலும் நினைக்க முடியாது. நம்மூர் ஆர்க்கெஸ்ட்ராக்களில் பார்த்ததெல்லாம் கல்கத்தா கிதார்தான். அதில் ஒரு கம்பெனி, அமெரிக்காவின் கிப்சன் என்ற பெயரில் ஒரு எழுத்தை மாற்றி கிவ்சன் என்றே பெயர் வைத்துக்கொண்டது! 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ளப் போன ஊரும் கல்கத்தாதான். தீக்குச்சியும் கிதாரும் ஒரே ஊரிலிருந்து நமக்கு வந்தன என்று வகுப்பில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஆம்ப்ளிபயர்? அது நம்ம ரேடியோ மெக்கானிக் ஒருவர் பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்துக் கட்டிக் கொடுத்தது. முன்னால் ஒரு ஈ.சி.சி. 83, பின்னால் ஒரு ஈ.எல். 84. மொத்தமே நாலைந்து வாட். அதன் முன் ஒரு மைக்கை வைத்துப் பெரிய செட்டுக்கு அனுப்புவார்கள்.

இங்கே ஒரு நிமிடம் பாடம் நடத்திக்கொள்கிறேன், பழக்கம் போகவில்லை. கிதாரின் பிக்கப் என்பது ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியை விட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப் பாயம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-இல் பாரடே கண்டதுதான், பிளஸ் டூவில் நீங்கள் அழுதுகொண்டே படித்ததுதான். அந்தச் சின்ன மின்னழுத்தத்தை வால்வு பெருக்குகிறது. வால்வால் முடிந்த அளவுக்கு மேல் கொடுத்தால் என்ன ஆகும்? சைன் அலையின் உச்சி மழுங்கும். டிரான்சிஸ்டர் என்றால் கத்தரித்த மாதிரி வெட்டும். வால்வு மெதுவாக, உருண்டையாக மழுங்கச் செய்யும். மழுங்கும்போது மூல ஸ்வரத்தோடு அதன் மடங்கு அதிர்வெண்களும் கூடவே பிறக்கும். அந்தக் கரகரப்புதான் உலகமே உருகும் 'டோன்'. கணக்குப்படி அது ஒரு குறை!

அந்தக் குறைக்கு வரலாறும் உண்டு. 1951-இல் 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்ய மெம்பிஸுக்குப் போன வழியில் கிதாரிஸ்ட்டின் ஆம்ப்ளிபயர் அடிபட்டு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்பார்கள். காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார்கள். அந்தக் கரகரப்பு பாட்டில் அப்படியே பதிவானது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரை 1954-இல் கொண்டுவந்த லியோ பெண்டர் யார்? கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. நம்ம மெக்கானிக்குக்கும் தெரியாது. பருத்திக் காட்டில் பிறந்த புளூஸ் இசையைப் பருத்தி விளையும் கரிசல் மண்ணில் இருந்துகொண்டு கேட்டால் அந்நியமாகவே தெரியவில்லை எனக்கு. அவர்கள் மூன்றாம் ஸ்வரத்தைச் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ நிறுத்துவார்கள். அண்ணாச்சிக்குப் புளூஸ் என்ற வார்த்தையே தெரியாது. ஆனால் தந்தியைத் தள்ளி அதே இடத்தில்தான் நிறுத்துவார்.

இன்னொரு வேடிக்கை. திருவிழா ராத்திரியில் எல்லா சீரியல் பல்பும் எரியும்போது வோல்டேஜ் விழும். அன்றைக்குத்தான் அண்ணாச்சி டோன் பிரமாதமாக இருக்கும். பின்னால்தான் தெரிந்துகொண்டேன், எட்டி வான் ஹேலன் இதற்காகவே ஒரு கருவியை வைத்து ஆம்ப்ளிபயருக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்து வாசித்தார் என்று. நமக்கு அது இலவசமாகக் கிடைத்தது.

சரி, டாலர் தம்பியின் கிதாருக்கு வருகிறேன். ரோரி கல்லகர் என்று அயர்லாந்துக்காரர். 1963-இல், பதினைந்து வயதில், கார்க் நகரக் கடையில் ஒரு பழைய 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரை 100 பவுண்டுக்குத் தவணையில் வாங்கினார். 1995-இல் சாகும் வரை அதைத்தான் வாசித்தார். அவருடைய வியர்வை பட்டுப் பட்டே பெயிண்ட் எல்லாம் போய் மரம் தெரிந்தது. 2024-இல் லண்டனில் ஏலம் போனது. எடுத்தவர்கள் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். எரிக் கிளாப்டன் மூன்று பழைய கிதார்களைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்த 'பிளாக்கி' 2004-இல் 9,59,500 டாலருக்குப் போனது. பிறகு கம்பெனியே அதே சிராய்ப்புகளோடு 275 பிரதிகள் செய்து விற்றது. சிராய்ப்புக்குப் பிரதி! இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

தம்பி, உன் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். ஓரம் தேய்ந்த கழுத்து கைக்கு இதமாக இருக்கும். உண்மை. உழைத்த காசு, உன் விருப்பம். நாலு லட்சத்துக்கு நம் சொந்தக்காரர்கள் பாத்ரூம் டைல்ஸே மாற்றுகிறார்கள். ஆனால் முழங்கை பட்டுத் தேய்ந்தது போல் இருக்கும் இடத்தில் யார் முழங்கையும் படவில்லையே. ஒரு தொழிலாளி உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருக்கிறார். அதைத் தேய்மானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டோன் அந்தச் சிராய்ப்பில் வராது. மரம் காய்ந்தால் சத்தம் மாறும் என்று சண்டை ஓய்ந்தபாடில்லை. என் காதுக்கு விரல் முதலில், வால்வும் ஸ்பீக்கரும் அடுத்து, பிக்கப் அதற்கு அடுத்து. மரம் எல்லாம் வரிசையில் கடைசி.

பி.பி. கிங் கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1949, ஆர்கன்சாவில் ட்விஸ்ட் என்ற ஊரில் ஒரு நடன அரங்கம். குளிருக்காக வைத்திருந்த மண்ணெண்ணெய் அடுப்பைச் சண்டையில் தள்ளிவிட்டார்கள், தீப்பிடித்தது. வெளியே ஓடி வந்தவர் சுமார் 30 டாலர் கிதாரை எடுக்கத் திரும்ப உள்ளே ஓடினார். தப்பியது அதிர்ஷ்டம். சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில். இனி இப்படிப்பட்ட முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்ட அந்தப் பெயரைக் கிதாருக்கு வைத்தார். நம் வட்டாரத்தில் இந்தக் கதையை ரசிக்க முடியாது. எரிகிற அறைக்குள் திரும்பிப் போனவர்களின் வீடுகளுக்கு நான் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன். பட்டாசு ஆபீஸுக்குப் போகும் அப்பா அம்மா உள்ள பிள்ளைகளிடம், எதற்காகவும் திரும்பிப் போகாதே என்று வருடா வருடம் சொல்வேன். அதன் பின் பி.பி. கிங் எத்தனையோ கிதார் மாற்றினார், எல்லாவற்றுக்கும் லூசில் என்றே பெயர், எல்லாவற்றிலும் அதே குரல்தான் வந்தது. அதைக் கவனி.

இனி நான் சொல்ல வெட்கப்படும் பகுதி. 1986-இல் அண்ணாச்சி வீட்டம்மாவுக்கு ஆபரேஷன். கிதாரையும் ஆம்ப்ளிபயரையும் விற்கிறேன் என்று என்னிடம் வந்தார். 1,200 கேட்டார். நான் அப்போது சம்பளக்காரன். 800-க்குப் பேரம் பேசினேன். பேசினேன் என்ன, முடித்தேன். "வச்சுக்கோங்க சார், உங்ககிட்ட இருந்தா நல்லாருக்கும்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் கிதாரில் வலது முழங்கை படும் இடத்தில் பெயிண்ட் இல்லை. கழுத்தில் மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கறை, அச்சு இங்க். நான் மூன்று கார்டுக்கு மேல் கற்றுக்கொள்ளவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு ஹாலில் மாட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் "இது பழைய கல்கத்தா பீஸ்" என்று பெருமை பேசியிருக்கிறேன். "தூசி தட்டுறது நான், பெருமை உங்களுக்கா" என்பாள் என் மனைவி. அமெரிக்காவில் பணக்காரர்கள் 1959 லெஸ் பால் கிதாரை ஒட்டியாணம் மாதிரி லாக்கரில் வைத்துப் பூட்டுகிறார்கள் என்று திட்டுகிறேனே, நான் செய்தது என்ன?

டீக்கடையில் பார்க்கும்போதெல்லாம் அண்ணாச்சி கேட்பார்: "சார், நம்மாளு எப்படி இருக்கான்?" நன்றாக இருக்கிறான் என்பேன். "வந்து ஒரு தடவை வாசியுங்களேன்" என்று ஒரு நாளும் நான் கூப்பிடவில்லை. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பேரம் பேசிய கூச்சமாக இருக்கலாம். நாலு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சித்திரையில் அவர் பேத்தி வந்தாள். ஒரு அச்சாபீஸில் டிசைனர் வேலை. "ஆச்சி சொல்லுச்சு சார், தாத்தா கிதார் உங்ககிட்ட இருக்குன்னு. ஒரு தடவை பாக்கலாமா?" கவரைக் கழற்றிக் கொடுத்தேன். மடியில் வைத்ததும் அவள் முழங்கை அந்த உரிந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தது. கழுத்தைத் திருப்பி அந்த நீலக் கறையைப் பார்த்தாள். "இது சயான் சார்" என்றாள். தவணையில் வாங்கிய ஒரு கிதாரில் போனைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். துருப்பிடித்த தந்தியில் என்ன வாசிக்க முடியும்? இருந்தாலும் இரண்டாவது தந்தியைத் தள்ளினாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆகவே தம்பி, உன் கிதாரை விற்கச் சொல்லவில்லை. ஷோகேஸில் வைக்காதே. தினமும் ஒரு மணி நேரம் வாசி. கம்பெனிக்காரன் போட்ட சிராய்ப்புக்கு மேல் உன் கை போடும் சிராய்ப்பு எப்போது தெரிகிறதோ, அப்போது இன்னொரு படம் அனுப்பு. இதயம் போடுகிறேன், இந்த முறை மனசாரப் போடுவேன்.

கிதார் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறது. கணக்குப் பார்த்தால் 400 ரூபாய் பாக்கியும் இருக்கிறது, அதை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் புதுத் தந்தி ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறேன். ஆம்ப்ளிபயர்தான் சத்தமே வரவில்லை. பில்டர் கன்டென்சர்களை மாற்ற வேண்டும், அதற்கு மதுரையில் ஆள் இருக்கிறார். ஈ.எல். 84 வால்வு கண்ணாடிக்குள் வெள்ளை பூத்துவிட்டது, அது போய்விட்டது என்று அர்த்தம். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகிறவர்கள் யாராவது ஒன்று கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்லுங்கள். ஒன்பது பின் உள்ளது, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. பணம் உடனே அனுப்பிவிடுகிறேன், பேரம் பேச மாட்டேன்.