மூளைப் படம் சொல்வதும் சொல்லாததும்

மூளையின் வண்ணப் படத்தைக் காட்டி, பிள்ளைகளின் ஞாபகசக்தியைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் இன்று கைத்தொலைபேசி வரை வந்துவிட்டன. சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் அந்தப் படத்தைக் கண்டதும் பெற்றோர் பலர் நம்பிவிடுகின்றனர். அது எதன் படம் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே எனது கருத்து.

மூளையின் செயற்பாட்டைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சிந்தனையைப் படம்பிடிப்பதில்லை. அது அளப்பது குருதியில் ஏற்படும் ஒட்சிசன் மாற்றத்தை. ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபின் காந்தப் புலத்தைச் சற்றுக் குழப்பும். 1990 இல் யப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவாவின் குழு இதைப் பயன்படுத்தி மூளையைப் பார்க்கலாம் எனக் காட்டியது. 1992 இல் கென்னத் குவொங் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கண்முன் ஒளி மின்னும்போது மனித மூளையின் பிற்பக்கத்திலுள்ள பார்வைப் பகுதியில் சமிக்ஞை உயர்வது தெரிந்தது.

ஆனால் அந்த உயர்வு உடனே வருவதில்லை. ஒளி மின்னி ஏறத்தாழ பத்தில் ஒரு செக்கனுக்குள் அப்பகுதி நரம்புக் கலங்கள் வேலையைத் தொடங்கிவிடும். ஸ்கேனின் சமிக்ஞையோ ஓரிரு செக்கன் கழித்தே ஏறத் தொடங்கி, ஐந்தாறு செக்கனில் உச்சத்தை அடையும். பின்னர் இறங்கி, பழைய மட்டத்துக்கும் கீழே சென்று, மெதுவாகவே வழமைக்குத் திரும்பும். காரணம், குருதிக் குழாய்கள் விரிந்து, செலவான ஒட்சிசனைவிட அதிகமாகக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு நேரம் எடுக்கிறது. சமிக்ஞை பழைய மட்டத்துக்குக் கீழே இறங்குவது ஏன் என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

மின்னலைக் காணாமல், பின்னால் வரும் இடியோசையைக் கொண்டு அதை அறிவது போன்றதே இது. அந்த ஓசையும் மிக மெல்லியது. மாற்றம் நூற்றுக்குச் சில வீதமே. ஆகவே ஆய்வாளர்கள் ஒரே காட்சியைப் பலமுறை காட்டிச் சராசரி எடுக்கின்றனர். வண்ணம், கணிப்பின் பின்னர் கணினி பூசுவது.

இதனால் ஸ்கேன் பயனற்றது என்றாகிவிடாது. மூளையில் கட்டி அகற்றுமுன் பேச்சுக்குரிய பகுதி எங்கே என்று அறிய வைத்தியர்களுக்கு அது உதவுகிறது. ஆனால் ஒரு பிள்ளை கெட்டிக்காரியா, எந்தப் பாடத்துக்குப் பொருத்தமானவள் என்று அந்த ஒளிரும் புள்ளி சொல்லாது.

வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்குர்ஆன் எமக்குக் கட்டளையிடுகிறது. விஞ்ஞானத்தின் பெயரால் வரும் விளம்பரத்துக்கும் அது பொருந்தும். உம்மா வாப்பாமார் பணத்தைக் கட்டுமுன் எதை அளந்தார்கள், எத்தனை பேரில் அளந்தார்கள் என்று கேட்கட்டும். விஞ்ஞானம் கற்கும் மாணவியரான நாம் அக்கேள்விகளை வீட்டில் எடுத்துச் சொல்வோம்.