சிப்பியும் சிட்டையும்



2023 நவம்பரில் மொன்றியல் நகராட்சி நிர்வாகக் குழுத் தலைவர் டொமினிக் ஒலிவியே பதவி விலகினார். முன்பு பொதுக் கலந்தாய்வு அலுவலகத் தலைவராக இருந்தபோது, பாரிஸில் 347 டொலருக்குச் சிப்பிச் சாப்பாடு. கட்டினது எங்கட வரிப்பணம்.

2020இல் இந்த நகரின் அமைப்புசார் இனவாதத்தைப் பற்றி அறிக்கை எழுதினதும் அதே அலுவலகம்தான். அதனால நான் அப்ப வாய் திறக்கேல்லை. அது பிழை.

வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போற என்ர மாமி, வீட்டுக்கு வீடு போற பஸ் காசைத் தானே கட்டிப்போட்டு, சிட்டையோட மாசக் கடைசிமட்டும் காத்திருக்கிறா.

மத்திய அமைச்சர்களின் பயணச் செலவைப் பகிரங்கப்படுத்த 2019இல் சட்டம் வந்தது. அது போதாது. மேலுள்ளவைக்கு அட்டை, கீழுள்ளவைக்குச் சிட்டை எண்ட முறை மாறவேணும். எங்கட ஆள் எண்டாலும் கணக்குக் கேட்போம்.