குமிழி நின்றால் பார்ப்பது யார்?

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில தொட்டில்களுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் களகளவென்று குமிழியிட்டுக்கொண்டிருக்கும். குழந்தையின் மூக்கிலிருந்து வரும் குழாய் அந்தத் தண்ணீரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமிழ்ந்திருந்தால், அதே அளவு அழுத்தம் நுரையீரலிலும் நிற்கும். மூச்சை வெளிவிடும்போது காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாது. ‘பபுள் சிபேப்’ என்பது இவ்வளவுதான்.

காற்றறைகளை விரித்து வைக்கும் சர்பாக்டன்ட் குறைமாதக் குழந்தைகளுக்குப் போதுமான அளவு சுரப்பதில்லை. 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கிரிகரி, இப்படித் திணறிய 20 குழந்தைகளுக்குத் தொடர் அழுத்தக் காற்று, அதாவது சிபேப், கொடுத்தார். 16 பேர் பிழைத்தார்கள். பிற்காலத்தில், தொண்டைக்குள் குழாய் இறக்காமல் மூக்கு வழியாகவே அதைக் கொடுப்பது வழக்கமானது.

ஏழை நாட்டிலும் இது பலிக்கும் என்பதற்கு மலாவி சாட்சி. பிளான்டயர் நகர அரசு மருத்துவமனையில் எளிய பபுள் சிபேப் பெற்ற பச்சிளங்குழந்தைகளில் 71 சதவீதத்தினர் உயிர் பிழைத்ததாக 2014-இல் வெளியான ஆய்வு சொன்னது. வெறும் ஆக்சிஜன் பெற்றவர்களில் பிழைத்தவர்கள் 44 சதவீதம்.

அதே மலாவியிலிருந்து 2019-இல் வேறொரு செய்தி வந்தது. மருத்துவரின் தினசரி மேற்பார்வை இல்லாத ஒரு மாவட்ட மருத்துவமனையில், கடும் நிமோனியா கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு சிபேப் கொடுத்தபோது இறப்பு 17 சதவீதம். சாதாரண ஆக்சிஜனில் 11. வயதும் நோயும் வேறுதான். ஆனாலும் கருவியை மட்டும் நம்பக்கூடாது என்ற எச்சரிக்கை நமக்கும் பொருந்தும்.

பச்சிளங்குழந்தைகள் பிரிவு உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் சிபேப் வேண்டும். அதைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற செவிலியர் மூன்று ஷிப்டிலும் இருந்தாக வேண்டும். குமிழி நின்றால் பெரும்பாலும் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள்: மூக்குக் குழாய் நழுவியிருக்கலாம், குழந்தை வாயைத் திறந்திருக்கலாம். குழாய் அழுத்தி மூக்கின் நடுச்சுவர் புண்ணாகலாம், வயிறு காற்றால் உப்பலாம். பல தொட்டில்களுக்கு நடுவே ஓடும் ஒற்றைச் செவிலியரால் இத்தனையையும் எப்படிப் பார்க்க முடியும்?

ஆக்சிஜன் அளவும் அப்படித்தான். மிகுந்தால் குறைமாதக் குழந்தையின் விழித்திரை கெடலாம். 1996-இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு உரிய காலத்தில் கண் பரிசோதனை நடக்கவில்லை, பார்வை போயிற்று. 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. காற்றையும் ஆக்சிஜனையும் அளவாகக் கலக்கும் பிளெண்டரும், ரத்த ஆக்சிஜனைக் காட்டும் ஆக்சிமீட்டரும், கண் மருத்துவரின் வருகையும் சிபேப்போடு சேர்த்தே திட்டமிடப்பட வேண்டியவை.

‘பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் போதுமே’ என்பார்கள். பிறந்த முதல் சில மணி நேரத்தில் விரிந்து நிற்க வேண்டிய நுரையீரல், ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை காத்திருக்காது.

சுகாதாரத் துறை இனி சிபேப் கருவிக்கு டெண்டர் விடும்போது, அதே கோப்பில் செவிலியர் பணியிடங்களுக்கும் ஒப்புதல் தர வேண்டும். கருவியைத் திறந்துவைக்கும் நாளன்றே, அன்றிரவு அதைப் பார்க்கப்போகும் செவிலியரின் பெயர் பணிப்பட்டியலில் இருக்க வேண்டும்.